"நீங்களா பாத்து குடுங்க சார்"னு மட்டும் சொல்லிடாதீங்க: ஃபைனல் ரவுண்டும் சம்பளப் பேச்சும்

காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆம்பூர்னு நம்ம பக்கத்துல இருந்து வேலைக்கு கெளம்பற பசங்கள ரொம்ப வருஷமா பாத்துக்கினு இருக்கேன், அதுல ஏழு வருஷம் ஹெச்ஆர்ல, மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து பாத்தது. டெஸ்ட் நல்லா பண்ணுவாங்க, டெக்னிக்கல் ரவுண்டு நல்லா பண்ணுவாங்க, மேனேஜர் வெளிய வந்து "இந்தப் பையன விட்றாதீங்க"ன்னு எங்களாண்ட சொல்லிட்டுப் போவாரு, அப்புறம் நாங்க கூப்ட்டு உக்கார வச்சு "எவ்ளோ எதிர்பாக்கறீங்க"ன்னு கேட்டா ஒரு சின்ன சிரிப்போட "நீங்களா பாத்து குடுங்க சார்". அந்த ஒரு வார்த்தையில வருஷத்துக்கு நாப்பதாயிரம் அம்பதாயிரம் போனத என் கண்ணால பாத்திருக்கேன்.

அது மரியாதைக்காக சொல்றதுன்னு எனக்குத் தெரியும். நம்ம வீட்ல அப்படித்தான் வளத்திருக்காங்க, பெரியவங்களாண்ட வாய்விட்டு காசு கேக்கக்கூடாது, குடுக்கறத வாங்கிக்கணும்னு. ஆனா அந்தப் பக்கம் இருக்கறவங்க அத மரியாதையா எடுத்துக்கறதில்ல, எவ்ளோ குடுத்தாலும் வருவான்னுதான் எடுத்துக்கறாங்க. ஒரு வேலைக்கு ஆள் எடுக்கும்போதே இதுல இருந்து இது வரைக்கும் குடுக்கலாம்னு ஒரு பட்ஜெட் அப்ரூவ் ஆயிருக்கும், அஞ்சு லட்சத்துல இருந்து ஆறரை லட்சம்னு வச்சுக்கோங்க, அதுக்குள்ள எங்க நிறுத்தறதுங்கறது நீங்க வாயத் தொறக்கறதப் பொறுத்தது. தொறக்கலன்னா கீழ இருந்து ஆரம்பிப்பாங்க. எங்க கையில அதுக்கு மேல குடுக்க இருந்துச்சு, கேக்காததால குடுக்கல.

இன்னொன்னு, அந்த அம்பதாயிரம் முதல் வருஷத்தோட முடியாது. வருஷா வருஷம் இன்க்ரிமெண்ட் சதவீதத்துல வருது, அதனால கம்மியா ஆரம்பிச்சவங்க கம்மியாவே போய்க்கினு இருப்பாங்க. 8 சதவீதம் ஏறுதுன்னு போட்டுப் பாருங்க, இன்னைக்கு விட்ட 50,000 அஞ்சு வருஷத்துல மொத்தம் 2,93,000 ரூவா கிட்ட ஆயிடுது. அடுத்த கம்பெனிக்குப் போனாலும் "இப்ப எவ்ளோ வாங்கறீங்க"ன்னுதான் முதல்ல கேப்பாங்க. அதனாலதான் இந்த ஒரு பத்து நிமிஷப் பேச்சுக்கு இவ்ளோ தயார் பண்ண சொல்றேன்.

முதல்ல ஃபைனல் ரவுண்டுன்னா என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா நெறைய பேர் அதையும் இன்னொரு பரீட்சைன்னு நெனச்சு விடிய விடிய படிச்சுட்டு தூக்கமில்லாம வந்து உக்காருவாங்க. உங்களுக்கு வேலை தெரியுமா தெரியாதாங்கறது பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே முடிவாயிருக்கும். இந்த ரவுண்டுல டிபார்ட்மெண்ட் ஹெட்டோ டைரக்டரோ உக்காருவாங்க, அவங்க பாக்கறது மூணே விஷயம்தான், ஆஃபர் குடுத்தா இந்த ஆள் நெஜமா வந்து சேருவாரா, சேந்தா ரெண்டு வருஷமாவது இருப்பாரா, கஸ்டமர் முன்னாடி நிறுத்தினா ஒழுங்கா பேசுவாரா. அவங்க கேக்கற கேள்வி எல்லாம் சுத்தி சுத்தி இதுலதான் வந்து நிக்கும். "வேலூர்ல வீடு, சென்னைக்கு வருவீங்களா"ன்னு கேட்டா அது சும்மா ஊர் விசாரிக்கறது இல்ல. தங்கறதுக்கு என்ன ஏற்பாடு, வீட்ல பேசியாச்சான்னு தெளிவா ஒரு பதில் கையில வச்சுக்கோங்க. "பாக்கலாம் சார், வீட்ல கேக்கணும்"னு சொன்னீங்கன்னா அங்கயே சந்தேகம் வந்துடும்.

இப்ப என் சித்தி பொண்ணு கதைய சொல்றேன், ஏன்னா அவள தயார் பண்ணும்போதுதான் நானே இத எல்லாம் ஒழுங்கா யோசிச்சேன். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ ஃபேக்டரியில நாலு வருஷமா குவாலிட்டி பாத்துக்கினு இருந்தா, வருஷத்துக்கு 3,60,000. சென்னையில வெளிநாட்டு பிராண்டுகளுக்கு ஷூ வாங்கித் தர்ற ஒரு பையிங் ஆபீஸ்ல இருந்து ஃபைனல் ரவுண்டுக்கு கூப்ட்டாங்க. நான் சத்துவாச்சாரி வீட்டு மொட்டமாடியில அவள உக்கார வச்சேன், பகல் வெயிலெல்லாம் தரையில இருந்து இன்னும் ஏறிக்கினு இருந்துச்சு, சாயங்காலம் ஏழு மணி இருக்கும். "நீ என்ன வேலை பண்ற, சொல்லு"ன்னேன். "ஃபினிஷிங்ல குவாலிட்டி பாத்துக்கறேண்ணா"ன்னா. அவ்ளோதான். நாலு வருஷம் நாலு வார்த்தையில முடிஞ்சுடுச்சு.

நோண்டி நோண்டி கேட்டேன். லைன்ல தினம் எத்தன ஜோடி போவுது, 1,200. ஆரம்பத்துல எத்தன ஜோடி ரீவொர்க்குக்கு திரும்பி வரும், தொண்ணூறு கிட்ட. இப்ப? நாப்பது. எப்படி கொறஞ்சுது? அப்பதான் சொல்றா, சோல் ஒட்டறதுக்கு முன்னாடி அப்பர்ல (ஷூவோட மேல் பாகம்) தேய்க்க வேண்டிய எடத்த சரியா தேய்க்காம விட்டுட்டு இருந்தாங்க, அதனால சோல் வுட்டுக்கினு வந்துச்சு, நான் லாஸ்டிங்ல (அப்பர அச்சுல இழுத்து மாட்டற எடம்) போய் நின்னு ஒரு வாரம் எந்த ஆபரேட்டர் கையில இருந்து வருதுன்னு தனியா குறிச்சு சூப்பர்வைசராண்ட காட்டினேன், அவங்க மாத்தினாங்கன்னு. இதத்தாம்மா சொல்லணும்! இத அவ பெருசாவே நெனக்கல, ஏன்னா தினம் பண்ற வேலை. நமக்கு தினம் பண்ற வேலையா தெரியறதுதான் அவங்களுக்கு காசு.

அதனால நீங்களும் ஒரு நோட்ட எடுத்துக்கினு உக்காந்து இந்த மாதிரி மூணு சம்பவம் எழுதுங்க. என்ன பிரச்சன இருந்துச்சு, நீங்க என்ன பண்ணீங்க (டீம் பண்ணது இல்ல, நீங்க), அதுக்கப்புறம் எண்ணிக்கையில என்ன மாறுச்சு. சிப்காட் தொழிற்பேட்டையில ஃபேப்ரிகேஷன்ல இருக்கறவங்கன்னா வெல்டிங் ரிப்பேர் எவ்ளோ கொறஞ்சுது, ஆஸ்பத்திரி பில்லிங்ல இருக்கறவங்கன்னா க்ளெய்ம் எத்தன நாள்ல முடிஞ்சுது, இப்படி. எண்ணு ஞாபகம் இல்லன்னா ஒத்துக்கற அளவுக்கு தோராயமா சொல்லுங்க, இல்லாதத சொல்லாதீங்க, அடுத்த கேள்வியிலயே மாட்டிப்பீங்க. ஒரு தோத்த சம்பவமும் ஒண்ணு வச்சுக்கோங்க, கண்டிப்பா கேப்பாங்க, அதுல அடுத்தவங்க மேல பழி போடாம சொல்லத் தெரியணும்.

இங்கிலீஷ் பத்தி ஒரு வார்த்த. நம்ம பசங்களுக்கு பெரிய பயம் இதுதான். நீளமா பேச வேணாம், சின்ன சின்ன வாக்கியமா பேசுங்க, நடுவுல சிக்கிக்கினா "தமிழ்ல வெளக்கட்டுமா சார்"னு நேரா கேளுங்க, சென்னையில பாதி ஆபீஸ்ல சந்தோஷமா தலையாட்டுவாங்க. ஆனா சம்பள நம்பர மட்டும் ரெண்டு மொழியிலயும் தடங்கல் இல்லாம சொல்லி பழகியிருக்கணும்.

சரி, நம்பருக்கு வரலாம். இதுலதான் முழு வேலையும் இருக்கு.

சிடிசிங்கறது உங்க கைக்கு வர்ற காசு இல்ல, உங்களுக்காக கம்பெனிக்கு ஆகற மொத்த செலவு. இத தெரியாம "ஆறு லட்சம்னா மாசம் அம்பதாயிரம்"னு கணக்குப் போட்டு வீட்ல சொல்லி, ஈஎம்ஐ எல்லாம் பிளான் பண்ணிட்டு முதல் மாசம் அக்கவுண்ட்ட பாத்து ஆடிப்போனவங்க எத்தனயோ பேர். ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன், பேப்பர்ல கூடவே போடுங்க. சிடிசி 6,00,000. அதுல வேரியபிள் 60,000 வச்சிருக்காங்க, அது கம்பெனி ரிசல்ட்ட பாத்து வருஷக் கடைசில வரும், வராமயும் போகலாம். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், பாதி, 3,00,000, மாசம் 25,000. கம்பெனி கட்டற பிஎஃப் பேசிக்ல 12 சதவீதம், பல கம்பெனிங்க பிஎஃப்க்கு உள்ள 15,000 சம்பள வரம்ப வச்சு மாசம் 1,800 மட்டும் கட்டுவாங்க, வருஷத்துக்கு 21,600, அதுவும் உங்க சிடிசிக்குள்ளதான். கிராஜுவிட்டின்னு, வேலைய விட்டுப் போகும்போது தர்ற பணம், அதுக்கு பேசிக்ல 4.81 சதவீதம், 14,430. மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியம் ஒரு 6,000னு வச்சுக்கலாம். இதெல்லாம் கழிச்சா 4,97,970, மாசத்துக்கு 41,500 கிட்ட. இதுல உங்க பங்கு பிஎஃப் 1,800 போவும், தொழில் வரி அரை வருஷத்துக்கு 1,250 வீதம் மாசம் இருநூறு சொச்சம். கடைசில கைக்கு 39,500. அதே ஆறு லட்சத்துல பிஎஃப்ப முழு பேசிக்குக்கும் கட்டற கம்பெனியா இருந்தா ரெண்டு பக்கமும் 3,000 ஆயிடும், கைக்கு 37,000 தான் வரும், ஆனா அந்தக் காசு உங்க பிஎஃப் கணக்குலயும் பென்ஷன்லயும்தான் சேருது, எங்கயும் போகல. வருமான வரி கவல இந்த லெவல்ல இல்ல, 2025-26 நிதியாண்டுல இருந்து புது முறையில சம்பளக்காரங்களுக்கு 12,75,000 வரைக்கும் வரி கட்ட வேண்டியதில்ல.

கிராஜுவிட்டி சாதாரணமா அஞ்சு வருஷம் முடிச்சாதான் வரும், ரெண்டு வருஷத்துல மாறப்போறீங்கன்னா அத உங்க கணக்குல சேக்காதீங்க. அதனால சம்பளம் பேசும்போது "ஃபிக்சட் எவ்ளோ"ன்னு ஃபிக்சட்லயே (வேரியபிள் சேராம நிச்சயமா வர்றது) பேசுங்க. வேரியபிள் இருக்குன்னா "போன வருஷம் இந்த டீமுக்கு எத்தன சதவீதம் குடுத்தீங்க"ன்னு கேளுங்க. தப்பே இல்ல, நான் ஹெச்ஆர்ல இருந்தப்ப இத கேட்டவங்க மேல எனக்கு மதிப்புதான் வந்துச்சு.

ஃபேக்டரி வேலையில இருக்கறவங்க இத ஒரு தடவ நல்லா படிங்க. மாசச் சம்பளம் 21,000 வரைக்கும்தான் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளருக்கான அரசு மருத்துவக் காப்பீடு. உங்க சம்பளத்துல 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம். 20,800 வாங்கறவங்களாண்ட பிடிக்கறது 156 ரூவா, அதுக்கு அம்மா அப்பாவுக்கு வைத்தியம், பிரசவம், லீவு எடுத்தா ஒரு பங்கு சம்பளம்னு எவ்ளோ இருக்கு. இப்ப புதுசா ஒருத்தர் "22,000 தரேன் வா"ன்னா, 1,200 ரூவா ஏறுதேன்னு ஓடிடாதீங்க, அங்க சேந்தா இஎஸ்ஐ கெடையாது. போனஸ் சட்டத்துக்கும் ஒரு சம்பள வரம்பு இருக்கு, அத தாண்டினா தீபாவளி போனஸ் கம்பெனி மனசு வச்சாதான். அதனால 21,000ங்கற கோட்ட தாண்டறதுன்னா நல்லா தாண்டணும், 26,000 27,000னு கேக்கணும், இல்லன்னா அம்மா அப்பாவையும் சேத்து குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் தருவாங்களான்னு கேட்டு வாங்கிக்கணும். வீட்ல சுகர், பிபி உள்ள பெரியவங்க இருந்தா முன்னாடியே இருக்கற நோய்க்கு முதல் நாள்ல இருந்து கவர் உண்டான்னும் கேளுங்க. நம்ம ஊர்ல சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு தூர தூரத்துல இருந்து வந்து வரிசையில நிக்கறவங்கள தினம் பாக்கறோம், வைத்தியச் செலவு ஒரு குடும்பத்த என்ன பண்ணும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

மார்க்கெட் ரேட்ட எப்படி தெரிஞ்சுக்கறது? நௌக்ரி, ஆம்பிஷன்பாக்ஸ் மாதிரி எடத்துல பாருங்க, ஆனா அத மட்டும் நம்பாதீங்க, பழைய நம்பரும் கலந்து கெடக்கும். நேர்ல கேக்கறதுதான் சரி. ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல தினம் சென்னைக்குப் போய் வர்ற ஆளுங்க நம்ம பக்கம் எவ்ளோ பேர் இருக்காங்க, உங்க தெருவுலயே ஒருத்தர் இருப்பாரு. "உங்களுக்கு எவ்ளோ சம்பளம்ணா"ன்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க, "நாலு வருஷ அனுபவத்துக்கு இந்த வேலைக்கு இப்ப என்னண்ணா ரேட் போவுது"ன்னு கேளுங்க, சொல்லுவாங்க. மூணு பேராண்ட கேட்டா ஒரு தெளிவு வந்துடும்.

அப்புறம் மூணு நம்பர் எழுதிக்கோங்க. ஒண்ணு, இதுக்குக் கீழ போனா வர மாட்டேன்ங்கற நம்பர். அத உணர்ச்சியில போடாதீங்க, செலவ வச்சு போடுங்க. இப்ப வீட்ல இருந்து போறீங்க, சாப்பாடு வாடகை இல்ல. சென்னையில பிஜியில ஒரு பெட்டு ஏழாயிரம் எட்டாயிரம், ஏரியாவப் பொறுத்து இன்னும் மேல, போக்குவரத்து, வாரா வாரம் ஊருக்கு வந்துபோற காசு, எல்லாம் சேத்தா பன்னெண்டாயிரத்த தாண்டும். அப்படின்னா மாசம் பத்தாயிரம் ஏத்திக் குடுத்தாலும் உங்க கைக்கு நஷ்டம். ரெண்டாவது, கெடச்சா சந்தோஷம்ங்கற நம்பர். மூணாவது, வாயால கேக்கப் போற நம்பர், அது ரெண்டாவதுக்கு மேல கொஞ்சம் இருக்கணும், பேசி இறங்க எடம் வேணும் இல்ல. முதல் நம்பர் யாராண்டயும் சொல்றதுக்கு இல்ல. "அஞ்சுல இருந்து ஆறு"ன்னு ரேஞ்சா சொல்லாதீங்க, அவங்க காதுல அஞ்சு மட்டும்தான் விழும்.

என் சித்தி பொண்ணுக்கு ஆறு லட்சம் கேக்கணும்னு முடிவு பண்ணோம். சொல்லுன்னேன். "ஒரு... அஞ்சரை, ஆறு லட்சம் எதிர்பாக்கறேன் சார், இல்லன்னாலும் பரவால்ல"ன்னா. கொரல் நம்பர் வந்த எடத்துல கெணத்துக்குள்ள போயிடுச்சு. இன்னொரு தடவ. இன்னொரு தடவ. பதினஞ்சு தடவ சொல்ல வச்சிருப்பேன், கீழ இருந்து சித்தி காப்பி எடுத்துக்கினு மேல வந்தவங்க என்னடா இது ஆறு லட்சம் ஆறு லட்சம்னு ஏலம் போடறீங்கன்னு கேட்டாங்க. கடைசில "ஃபிக்சட் ஆறு லட்சம் எதிர்பாக்கறேன் சார்"னு சொல்லிட்டு வாய மூடிக்கினா. அந்த வாய மூடறதுதான் பாதி வேலை. நம்பர் சொன்னதும் எதிர்ல இருக்கறவர் பேசாம இருப்பாரு, பேனாவ உருட்டுவாரு, அந்த நாலு செகண்டு தாங்காம நம்மளே "கொஞ்சம் கம்மியானாலும் ஓகே"ன்னு சொல்லிடுவோம். சொல்லாதீங்க. மனசுக்குள்ள ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க.

அவங்க முதல்ல கேட்டா நேரா நம்பருக்குப் போகாம "இந்த பொசிஷனுக்கு என்ன பட்ஜெட் வச்சிருக்கீங்க மேடம், அத தெரிஞ்சா சரியா சொல்லுவேன்"னு ஒரு தடவ கேட்டுப் பாருங்க, பாதி பேர் சொல்லிடுவாங்க. சொல்லலன்னா இழுக்காம உங்க நம்பர சொல்லிடுங்க.

"இப்ப எவ்ளோ வாங்கறீங்க"ன்னு கேட்டா உண்மைய சொல்லுங்க. ஏத்தி சொல்ற பழக்கம் நெறைய இருக்கு, நான் அடிச்சு சொல்றேன், வேணாம். மூணு மாச பேஸ்லிப் கேப்பாங்க, பேங்க் ஸ்டேட்மெண்ட், ஃபார்ம் 16 கேப்பாங்க, பேக்ரவுண்டு வெரிஃபிகேஷன் நடக்கும், யுஏஎன்ல (கம்பெனி மாறினாலும் மாறாத உங்க பிஎஃப் நம்பர்) நீங்க எங்க எப்ப வேலை பாத்தீங்கன்னு தேதியோட இருக்கும். வேலை உறுதியாகி, பழைய கம்பெனியில பேப்பர் போட்ட (ராஜினாமா குடுத்த) அப்புறம் ஆஃபர் போன ஆளுங்கள எனக்குத் தெரியும். உண்மைய சொல்லிட்டு அடுத்த வாக்கியத்துல திருப்புங்க, "இப்ப 3,60,000 சார், ஆனா இந்த வேலையில பத்து ஃபேக்டரிய நான் பாக்கணும், பொறுப்பு வேற, அதுக்கு ஏத்த மாதிரிதான் கேக்கறேன்"னு.

ஏன் அவ்ளோ கேக்கறீங்கன்னு கேட்டா "வீட்டு லோன் இருக்கு, அப்பாவுக்கு உடம்பு சரியில்ல"ன்னு சொல்லாதீங்க. கஷ்டம் உண்மையா இருக்கலாம், ஆனா அத வச்சு அவங்க பட்ஜெட் ஏறாது. உங்களால அவங்களுக்கு என்ன மிச்சம்னு சொல்லுங்க. என் சித்தி பொண்ணுக்கு நான் சொல்லிக் குடுத்தது இதுதான்: ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம்னு உங்க சப்ளையர்ங்க எல்லாம் எங்க ஊர சுத்திதான் இருக்காங்க, அங்க லைன்ல பேசற பேச்சு எனக்குத் தெரியும், காலைல ஏழு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன்னா நான் வீட்ல இருந்தே போயிடுவேன், லாட்ஜ் போட வேணாம். சென்னையில பொறந்து வளந்த ஆளால இத சொல்ல முடியாது இல்ல. வேலூர்க்காரங்கன்னு கூச்சப்படற எடம் இல்ல அது, அதுதான் அவ பலம். உங்க வேலையில அப்படி ஒண்ணு என்னன்னு தேடுங்க, கண்டிப்பா இருக்கும்.

பொண்ணுங்களாண்ட ஒண்ணு தனியா சொல்லணும். "கல்யாணம் எப்ப, ஆனதும் விட்டுட மாட்டீங்களே"ன்னு இன்னும் கேக்கறாங்க. கேக்கக்கூடாத கேள்வி, என் முன்னாடி கேட்டவங்கள நான் நிறுத்தியிருக்கேன். உங்களாண்ட கேட்டா வெளக்கம் குடுத்துக்கினு இருக்காதீங்க, "இந்த வேலையில அடுத்த மூணு வருஷத்துக்கு நான் என்ன பண்ணணும்னு யோசிச்சு வச்சிருக்கேன் சார், சொல்லட்டுமா"ன்னு வேலைக்கே இழுத்துக்கினு வந்துடுங்க.

போற அன்னைக்கு பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. காட்பாடியில இருந்து சென்னை 130 கிலோமீட்டர், காலைல பத்து மணி இண்டர்வியூன்னா அன்னைக்கு ட்ரெயின நம்பி போகாதீங்க, அரக்கோணத்துல ஒரு சிக்னல்ல நின்னா போச்சு, பஸ்ஸுன்னா ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பூந்தமல்லியில மாட்டிப்பீங்க. முடிஞ்சா முந்தின நாளே போய் சொந்தக்காரங்க வீட்ல தங்குங்க, இஸ்திரி போட்ட சட்டைய பையில வச்சுக்கினு அங்க போய் மாத்துங்க. ஆன்லைன்ல நடக்குதுன்னா உங்க ஏரியாவுல அன்னைக்கு பராமரிப்புக்காக மின்தடைன்னு பேப்பர்ல போட்டிருக்கான்னு பாத்துடுங்க, மொபைல் டேட்டா தனியா ரெடியா இருக்கட்டும்.

இப்ப அவங்க நம்பர் சொல்லுவாங்க, பெரும்பாலும் நீங்க கேட்டதுக்குக் கீழ. அங்கயே சரின்னு தலையாட்டாதீங்க, அங்கயே முடியாதுன்னும் எழுந்துடாதீங்க. "ரொம்ப தேங்க்ஸ் சார், இந்த வேலைக்கு வரணும்னு எனக்கு நெஜமா ஆச. சம்பளத்த பிரிச்சுக் காட்டற பிரேக்கப் மெயில்ல அனுப்ப முடியுமா, பாத்துட்டு நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன்". இத யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க. ஒரு நாள் டைம் கேட்டதுக்காக ஆஃபர திருப்பி வாங்கின கம்பெனிய நான் பாத்ததில்ல.

மறுநாள் பேசும்போது ஃபிக்சட்ட ஏத்த முடியுமான்னு ஒரு தடவ கேளுங்க, காரணத்தோட. பட்ஜெட் இல்லன்னு சொன்னாங்கன்னா வேற கதவ தட்டுங்க: ஜாயினிங் போனஸ் (ஆனா ஒரு வருஷத்துக்குள்ள விட்டா திருப்பிக் கட்டணும்னு பெரும்பாலும் எழுதியிருக்கும், படிங்க), நோட்டீஸ் பீரியட் பைஅவுட் பணம் (நோட்டீஸ் நாள முழுசா முடிக்காம வர்றதுக்கு பழைய கம்பெனிக்கு கட்டற காசு), முதல் ஒரு மாசம் தங்கற செலவு, வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்து வேலை, இல்ல ஆறு மாசத்துல சம்பள ரிவ்யூன்னு லெட்டர்லயே எழுதித் தர்றது. ரெண்டு தடவைக்கு மேல இழுக்காதீங்க, அது நல்லா இருக்காது. ஒத்துக்கிட்டப்புறம் திரும்ப போய் கூட கேக்கறதும் வேணாம், இல்லாத ஆஃபர இருக்குன்னு சொல்றதும் வேணாம், சென்னையில ஹெச்ஆர் ஆளுங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பழக்கம்.

காலேஜ் முடிச்சு முதல் வேலைக்கு போறவங்களுக்கு சம்பளத்துல பேச பெருசா எடம் இருக்காது, எல்லாருக்கும் ஒரே பேக்கேஜ்தான். நீங்க கேக்க வேண்டியது வேற: எந்த ஊர், எப்ப ஜாயினிங், பாண்ட் (நடுவுல விட்டா பணம் கட்டறேன்னு எழுதிக் குடுக்கறது) உண்டா, எத்தன வருஷம், எவ்ளோ பணம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட குடுத்து வைக்க சொன்னா குடுக்காதீங்க, காட்டிட்டு வாங்கிக்கோங்க. வேலைக்கு டெபாசிட், ட்ரெயினிங் ஃபீஸ்னு யாராவது காசு கேட்டா அது வேலையே இல்ல, எழுந்து வந்துடுங்க.

எனக்கு நடந்த ஒண்ணையும் சொல்லிடறேன். முதல் தடவ வேலை மாறும்போது ஒரு கம்பெனியில ஃபோன்ல 4,20,000னு சொன்னாங்க, சந்தோஷத்துல அன்னைக்கே பழைய எடத்துல பேப்பர் போட்டுட்டேன். லெட்டர் வந்தது பன்னெண்டு நாள் கழிச்சு, அதுல 60,000 வேரியபிள்னு போட்டிருந்தாங்க. கேட்டதுக்கு "மொத்தம் அதான சொன்னோம்"னாங்க. திரும்பிப் போக வழியில்ல, சேந்தேன், அந்த வருஷம் வேரியபிள் ஒரு ரூவா வரல. அப்பாவாண்ட சொன்ன நம்பர் ஒண்ணு, வீட்டுக்கு அனுப்பின காசு வேற. அதுக்கப்புறம்தான் இந்த வெறி எனக்கு வந்துச்சு. கையில லெட்டர் வராம ராஜினாமா கெடையாது, வாட்ஸ்ஆப் மெசேஜ் லெட்டர் கெடையாது. லெட்டர்ல பதவி, ஃபிக்சட், வேரியபிள், வேலை செய்யற ஊர், ப்ரொபேஷன் எத்தன மாசம், நோட்டீஸ் முப்பது நாளா தொண்ணூறு நாளா, இத்தனையும் பேனா வச்சு ஒவ்வொண்ணா டிக் அடிச்சுப் பாருங்க, பேசினது ஏதாவது விட்டுப் போயிருந்தா "நேத்து பேசினபடி இதையும் சேத்து அனுப்புங்க"ன்னு மெயில் போடுங்க.

என் சித்தி பொண்ணுக்கு முதல்ல 4,80,000 சொன்னாங்க. ஆறு கேட்டேன் சார், ஆம்பூர் ராணிப்பேட்டை ஃபேக்டரிங்கள நான் பாக்கப்போறேன், அத வச்சு பாருங்கன்னு சொல்லிட்டு, சொன்ன மாதிரியே வாய மூடிக்கினு இருந்தாளாம், எட்டு வரைக்கும் எண்ணினாளாம். அடுத்த நாள் சாயங்காலம் ட்ரெயின்ல வாலாஜா ரோடு தாண்டும்போது ஃபோன் வந்துச்சு, ஃபிக்சட் 5,50,000, ஃபேக்டரி போற நாளுக்கு தனி அலவன்ஸ். "சரிங்க மேடம், மெயில்ல அனுப்புங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டு, அப்புறம்தான் எனக்கு ஃபோன் அடிச்சு அழுதா. லெட்டர் வந்தப்புறம்தான் பேப்பர் போட்டா.

சேந்தப்புறம் ஒரு வேலை பாக்கி இருக்கு. முதல் பேஸ்லிப் வந்ததும் லெட்டர பக்கத்துல வச்சு வரி வரியா ஒப்பிடுங்க. பழைய யுஏஎன் நம்பரையே குடுத்திருக்கீங்களான்னு பாருங்க, புதுசா ஒண்ணு போட்டுட்டாங்கன்னா பழைய பிஎஃப் பணம் தனியா நின்னுடும். ரெண்டாவது மாசம் பிஎஃப் பாஸ்புக்க தொறந்து உங்க பங்கும் கம்பெனி பங்கும் ஏறியிருக்கான்னு பாத்துடுங்க, ஏறலன்னா அன்னைக்கே ஹெச்ஆராண்ட மெயில்ல கேளுங்க, வாயால இல்ல.